மிச்சத் தாளில் ஒரு ரஃப் நோட்டு

ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் புத்தகப் பை கவிழ்க்கப்படும். பென்சில் சீவல், மூடி தொலைந்த பேனா, உடைந்த ஸ்கேல் எல்லாம் கொட்டும். நோட்டுகள் மட்டும் தனியே அடுக்கப்படும். அவற்றில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைப்பதுதான் வீட்டு ரஃப் நோட்டு.

வேலை பார்க்க எளிது; செய்தால்தான் நுணுக்கம் தெரியும். நடுவில் பின் அடித்த நோட்டில் முன்பாதித் தாள் ஒவ்வொன்றுக்கும் பின்பாதியில் ஓர் இணை உண்டு. பாதிக்குக் குறைவாக எழுதியிருந்தால், பின்னை நிமிர்த்தி, வெற்றுத் தாள்களை நடுவிலிருந்து ஜோடியாக உருவிவிடலாம். பாதியைத் தாண்டியிருந்தால் மிச்சத் தாள் ஒவ்வொன்றும் எழுதிய தாளோடு ஒட்டியிருக்கும். ஸ்கேல் வைத்துத்தான் கிழிக்க வேண்டும். பிறகு ஓரம் தட்டி, கோணி ஊசியால் துளையிட்டு, இரட்டை நூலில் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே வைத்தால் முடிந்தது.

கோடு போட்டது, போடாதது, கட்டம் போட்டது எனத் தாள்கள் கலந்தே வரும். கடை நோட்டுக்கு இந்த அழகு வாய்க்காது.

பெற்றோர் நோட்டுகளை நிதானமாகப் புரட்டுவதும் (ஆண்டு முழுக்கக் கையெழுத்து மட்டும் போட்டவர்கள்தாம்) இப்போதுதான். ஜூனில் நிமிர்ந்து நின்ற எழுத்து ஜனவரியில் சாய்ந்திருப்பதும், கடைசிப் பக்கத்தில் பக்கத்து பெஞ்சோடு ஆடிய ஆட்டத்தின் கட்டங்களும் கண்ணில் படும்.

எழுதிய தாள்கள் எடைக்குப் போகும். ரஃப் நோட்டில், பள்ளி திறப்பதற்குள், பால் கணக்கு நாலு பக்கம் ஏறியிருக்கும்.