பார்க் கிராஸ் சொல்வதும் சொல்லாததும்

இங்கிலாந்தில் ஹார்ப்பெண்டன் என்னும் ஊரில், ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த புல்வெளி ஒன்று இருக்கிறது. பார்க் கிராஸ் என்பது அதன் பெயர். 1856இல் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் அதைப் பாத்திகளாகப் பிரித்து, வெவ்வேறு உரங்களை இட்டு, காய்ந்த புல் எவ்வளவு கிடைக்கிறது என்று அளக்கத் தொடங்கினர். அந்த ஆய்வு இன்றும் தொடர்கிறது.

இதைப் பற்றி நீங்கள் படித்திருக்கலாம். உரமே இடாத பாத்தியில் ஏறத்தாழ 40 வகைச் செடிகள். நைட்ரஜன் உரம் மிகுதியாக இட்ட பாத்தியில் இரண்டு மூன்றே வகைப் புற்கள். ஆகவே உரம் புல்வெளியைக் கெடுக்கும் என்று கூறி முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை.

எந்த உரம் என்று முதலில் கேளுங்கள். செடிவகைகள் அடியோடு குறைந்த பாத்திகளில் இடப்பட்டது அம்மோனியம் சல்பேட். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் ஓர் அம்மோனியம் அயனியை நைட்ரேட்டாக மாற்றும்போது இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்படுகின்றன. ஆண்டுதோறும் இது நடந்ததால், சுண்ணாம்பு இடாத இடங்களில் பி.எச். மதிப்பு 4க்கும் கீழே இறங்கியது. மண்புழுக்கள் மறைந்தன, மட்காத புல் மெத்தைபோல் மேலே படிந்தது. ஹெக்டேருக்கு 96 கிலோ என்ற அதே அளவு நைட்ரஜனை சோடியம் நைட்ரேட்டாகப் பெற்ற பாத்தியில் இத்தகைய அமிலத்தன்மை ஏற்படவில்லை. செடிவகைகளும் அந்த அளவுக்கு அழியவில்லை. ஆனால் நைட்ரஜன் குற்றமற்றது என்றும் சொல்லிவிட முடியாது. சுண்ணாம்பு இட்ட பிறகும் உயரமான புற்கள் நிழலிட்டுச் சிறு செடிகளை ஒடுக்கவே செய்கின்றன. இரண்டு காரணங்களை ஒன்றாக்கிச் சொல்வதுதான் தவறு.

அடுத்தது அளவீடு. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவை ஐந்து முறை எடுத்துச் சராசரி காண்கிறோம். இங்கே பெரும்பாலான உரமுறைகளுக்கு ஒரே ஒரு பாத்திதான். அதற்காக லாஸையும் கில்பர்ட்டையும் குறைகூற முடியாது. புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் அதே நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததே 1919இல்தான்! மேலும் 1960 முதல் அறுவடை முறை மாறியது. முன்பு உலர்த்திய புல்லை நிறுத்தார்கள். பிறகு பச்சையாகவே வெட்டி எடுத்து அதிலிருந்து உலர் எடையைக் கணக்கிட்டார்கள். புல்லைக் களத்தில் உலர்த்தும்போது சிறிது வீணாகும். எனவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே வரைபடத்தில் கோடிட்டு இணைப்பது சரியன்று.

எனது பெரிய குறை வேறு. வெட்டிய புல் வயலை விட்டுப் போய்விடுகிறது. அதோடு பொட்டாசியமும் பாஸ்பரசும் போகின்றன. திரும்பி வருவது உரமாக இடுவது மட்டுமே. மேய்ச்சல் நிலத்தின் வரவு செலவு இப்படியன்று. மேயும் விலங்கு உட்கொள்ளும் நைட்ரஜனில் முக்கால் பங்குக்கு மேல் நிலத்துக்கே திரும்புகிறது. பொட்டாசியம் பெரும்பாலும் சிறுநீரிலும், பாஸ்பரஸ் பெரும்பாலும் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறுகின்றன. அதுவும் சீராகப் பரவாமல், திட்டுத்திட்டாக விழுகிறது. ஓரிடத்தில் தேவைக்குப் பலமடங்கு, பக்கத்தில் ஒன்றுமில்லை. ஆகவே வெட்டுப்புல் வயலில் கண்ட முடிவை மேய்ச்சல் நிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆய்வின் தொடக்க காலத்தில், முதல் வெட்டுக்குப் பின் துளிர்த்த புல்லைப் பெரும்பாலான ஆண்டுகளில் பாத்திகளிலேயே செம்மறியாடுகளை அடைத்து மேய விட்டார்கள். 1875 முதல்தான் இரண்டாம் வெட்டும் வெளியே சென்றது. அந்த ஆடுகளைப் பற்றி ஒரு வரி எழுதிய பாடநூல் இதுவரை என் கண்ணில் படவில்லை.