மூன்று ரூபாயும் ஒரு கம்பளியும்

வேளாண் வாழ்வை எழுத முனைவோர் பெரும்பாலும் பெருந்துயர்களையே நாடுவர். வெள்ளமும் பஞ்சமும் கொள்ளைநோயும் கதைக்கு எளிதில் கனம் சேர்த்துவிடுகின்றன. ஆனால் உழவரை நாள்தோறும் அரிப்பவை சின்னஞ்சிறு இழப்புகளே. வாங்க எண்ணிய பொருளை வாங்க இயலாமற்போவதும், கண்ணயர்ந்த வேளையில் விளைந்த பயிரை விலங்கு மேய்ந்துவிடுவதும் எவருக்கும் செய்தியாவதில்லை. இவற்றை இலக்கியமாக்கிக் காட்டியவர் இந்தி எழுத்தாளர் பிரேம்சந்த் (1880–1936). அவருடைய ‘பூஸ் கீ ராத்’ என்னும் சிறுகதை 1930இல் வெளிவந்தது. மார்கழி, தை மாதங்களையொட்டிய வடநாட்டுக் கடுங்குளிர் இரவே அதன் களம்.

கதை மிக எளியது. கம்பளி வாங்குவதற்காகச் சேர்த்து வைத்த மூன்று ரூபாயைக் கடன் கொடுத்தவர் வாங்கிச் செல்கிறார். கம்பளியின்றி ஹல்கூ என்னும் உழவன், ஜப்ரா என்னும் நாயுடன் வயற்காவலுக்குப் போகிறான். குளிர் பொறுக்காமல் நாயையே மடியில் அணைத்துக்கொள்கிறான். பின்னர் மாந்தோப்புச் சருகுகளைக் கூட்டித் தீ மூட்டுகிறான். அவ்வேளையில் நீல்காய் மான்கள் வயலில் இறங்குகின்றன. எழுந்து இரண்டடி வைத்தவன், குளிர்காற்று தைக்கவே திரும்பிச் சாம்பலருகே படுத்துவிடுகிறான். விடிந்தபோது வயல் பாழாகிக் கிடக்கிறது. அவனோ, இனி இரவில் இங்கே குளிரில் படுக்க வேண்டியதில்லை என்று முகமலர்ச்சியுடன் சொல்கிறான்.

இந்த மலர்ச்சியை நாம் எவ்வாறு கொள்வது? சோம்பல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் விளைச்சலில் அவனுக்கென்று எஞ்சுவது யாது என்னும் கேள்வி கதையின் தொடக்கத்திலேயே எழுப்பப்படுகிறது. உழுவதும் விளைவிப்பதும் கடனை அடைக்கவே என்றால், அவன் காத்து நிற்பது பிறருடைய பணத்தைத்தான். எனினும் ஆசிரியர் அவனைக் குற்றமற்றவனாக்கிக் காட்டவில்லை. ஓசையொன்றும் கேட்கவில்லை என்று அவன் தன்னையே ஏமாற்றிக்கொள்வதையும், மனைவியிடம் வயிற்றுவலி என்று பொய்யுரைப்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். கடனறியாத ஜப்ரா மட்டும் இரவெல்லாம் குரைத்துத் தன் கடமையை முடிக்கிறது. இந்த நேர்மையே கதையை வெற்று இரக்கத்தினின்றும் காக்கிறது எனலாம்.

மற்றொரு நுட்பத்தையும் நாம் கருதவேண்டும். உழவை விட்டுவிடுமாறு முதலில் சினந்து சொன்னவள் மனைவி முன்னி. முடிவில், இனிக் கூலி வேலை செய்து நிலவரி கட்டவேண்டுமே என்று கவலையுறுபவளும் அவளே. சொல்லாதவன் மகிழ்கிறான்; சொன்னவள் கலங்குகிறாள்.

1936இல் வந்த ‘கோதான்’ நாவலின் ஹோரியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். பசு வேண்டும் என்ற ஆசையும் உழவன் என்ற மதிப்பும் நீங்காமல், இறுதியில் சாலைப்பணியில் கூலியாக உழைத்து வெயிலில் விழுந்து அவன் மடிகிறான். அவனுடைய முடிவு நம் கண்களை நனைக்கிறது. ஆயினும் நம்மை அதிகம் தொந்தரவு செய்பவன் ஹல்கூவே என்பது நம் கருத்து. ஹோரி மடியும்வரை உழவின்மீது கொண்ட பற்றை இழக்கவில்லை. ஹல்கூவிடம் உயிர் இருக்கிறது, பற்று அற்றுவிட்டது.

நிலத்தை இழந்தவன் அழுதால் நாம் ஆறுதல் சொல்லிவிடலாம். இழந்ததற்காக மகிழ்பவனிடம் நாம் என்ன சொல்வோம்? அவனுடைய மலர்ச்சிக்குப் பின்னே, மூன்று ரூபாய் விலையுள்ள ஒரு கம்பளி அவனுக்குக் கிட்டாமற்போன வரலாறு இருக்கிறது. அதை மறவாமல் இக்கதையை ஒருமுறை படித்துப் பார்ப்போம்.