முதலில் பிரீவீல், பிறகு கம்பி

ஆண்டிமடம் வட்டாரத்தில் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் மாட்டுக் கொட்டகை ஓரத்திலோ முந்திரி மரத்தடியிலோ ஒரு சைக்கிள் சாய்ந்து கிடக்கும். பெரும்பாலும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வண்டி. 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம் 2005-06இல் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்புப் படிக்கும் எல்லாருக்கும் என்று விரிந்தது. பிள்ளை கல்லூரிக்குப் பஸ் ஏறியதும் வண்டி நின்றுவிடுகிறது. இரண்டு மழைக்காலம் போதும். செம்மண் ரிம்மில் அப்பிக்கொள்ள, கம்பியும் அதை ரிம்மில் பூட்டும் நிப்பிளும் ஒன்றோடு ஒன்று துருப்பிடித்து இறுகிப்போகின்றன.

அந்தச் சக்கரத்தைத் திரும்ப ஓடவைக்க வேண்டுமென்றால் அக்கு அக்காகப் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு முதலில் எதைக் கையில் எடுக்கிறார்கள் என்பதில் நம் பக்கத்துக் கடைக்காரருக்கும் யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு பேரும் கழற்றுவது ஒரே பிரிட்டிஷ் வழி வந்த சக்கரத்தைத்தான். பழைய கறுப்பு சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40 கம்பி. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் ஹெர்குலிஸானாலும், நாட்டிங்ஹாமிலிருந்து இலங்கைக்குப் போன ராலியானாலும் கணக்கு இதுதான். பின் ஹப்பில், செயின் மாட்டும் பல்சக்கரமான பிரீவீல் ஏறும் மரைகூட ஒன்றே, அங்குலத்துக்கு 24.

நம் ஊர்க் கடையில் பின்சக்கரத்தைக் கொடுத்தால் நடப்பதைச் சொல்கிறேன். டயரையும் டியூபையும் லிவர் போட்டு எடுத்த கையோடு கட்டர் வந்துவிடும். கம்பியைக் கொத்தாகச் சேர்த்து வெட்டித் தள்ளுவார்கள். ஐந்து நிமிடத்தில் ரிம் ஒரு பக்கம், ஹப் ஒரு பக்கம். கடைக்காரர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. லூதியானாவிலிருந்து வரும் கம்பிக் கட்டு மலிவு. துருவேறிய 40 நிப்பிளை ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றுகிற நேரத்தில் அவர் நாலு பஞ்சர் ஒட்டிவிடுவார். “அண்ணே, ரிம்மே புதுசு போட்டுருங்க” என்று வாடிக்கையாளரே அவசரப்படுத்துகிறார்.

ஆனால் வெட்டியபின்தான் தொல்லை ஆரம்பிக்கிறது. பிரீவீல் இன்னும் ஹப்பிலேயே இருக்கிறது. அது வலது மரை. மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும். பல வருஷம் மிதித்த இறுக்கத்தைத் தளர்த்தப் பெரிய நெம்புவலு வேண்டும். அந்த வலுவைக் கொடுப்பது ரிம்தான். பிரீவீல் ரிமூவர் என்று ஒரு சிறு இரும்புத் துண்டு உண்டு. அதன் பற்கள் பிரீவீலின் உள்வளையத்தில் இருக்கும் வெட்டுகளில் போய் உட்காரும். வெட்டு இரண்டா நான்கா என்று பார்த்து அதற்கேற்ற ரிமூவரை எடுக்க வேண்டும். அது நழுவாமலிருக்க அச்சு நட்டை மேலே லேசாகப் பூட்டி, ரிமூவரை வைஸில் கடிக்கவைத்து, முழுச் சக்கரத்தையும் இரண்டு கையாலும் பிடித்து, பஸ் ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கம் திருப்பினால் ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும். விட்டதும் நட்டைக் கழற்றிவிட்டு மீதியைக் கையாலேயே திருகி எடுத்துவிடலாம். கம்பியை முன்னாலேயே வெட்டிவிட்டால் பிடிப்பதற்கு வெறும் ஹப்தான் மிஞ்சும். அதை எப்படிப் பிடித்துத் திருப்புவது? அப்போதுதான் உளியும் சுத்தியலும் வருகின்றன. வெட்டு சிதைகிறது, ஹப்பின் விளிம்பு வளைகிறது, கடைசியில் ஹப்பும் பழைய இரும்புக்காரரின் தராசுக்குப் போகிறது. கம்பிச் செலவோடு முடிய வேண்டிய வேலை முழுச் சக்கரச் செலவாகிவிடுகிறது.

தமிழ்நாட்டுக் கடைகள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. வாடகை சைக்கிள் காலத்தில் வண்டி கடைக்காரரின் சொந்தச் சொத்து. மணிக்கணக்கில் ஊரெல்லாம் மிதிபட்டுத் திரும்பும் சைக்கிளைப் பிரித்து ‘ஓவராயில்’ செய்யாவிட்டால் நஷ்டம் அவருக்கே. அதனால் ரிமூவர், கோன் ஸ்பேனர், நிப்பிள் சாவி எல்லாம் பலகையில் ஆணியடித்துத் தொங்கும். 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியபோது, வாங்க வசதியில்லாதவர்களுக்கு வாடகை சைக்கிள்தான் கைகொடுத்தது. திருச்சி மாவட்டம் ஒன்றாக இருந்த அந்த நாளில் ஆண்டிமடம் கடைத்தெருவுக்கும் வாடகை சைக்கிள் புதிதில்லை. மொபெட்டும் பைக்கும் வந்து வாடகை சைக்கிள் போனதோடு அந்தப் பலகையும் போய்விட்டது என்பதுதான் என் வருத்தம். அடுத்தவர் சக்கரத்தைப் பிரிக்கக் கட்டர் போதும். தன் சக்கரத்தைப் பிரிக்கச் சாவி வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பலகை போகவில்லை. போகவிடாமல் செய்தது போர். 1990இலிருந்து வடக்குக்குப் பெற்றோலும் மண்ணெண்ணெயும் பற்றரியும் போகாமல் பொருளாதாரத் தடை இறுகியது. மோட்டார் வாகனம் நின்ற இடத்தில் சைக்கிள் எல்லாமாயிற்று. விறகு, மரக்கறி மூட்டை, நோயாளி, சீமெந்துப் பை எல்லாம் அதன் கரியரில் ஏறின. 1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி இரவோடிரவாக இடம்பெயர்ந்தபோது பல குடும்பங்களின் உடைமை முழுவதும் ஒரு சைக்கிளின் மேல்தான் இருந்தது. பின் சில்லு, அதாவது பின்சக்கரம், முறிந்தால் குடும்பமே நடுவழியில் நிற்கும்.

பற்றரி இல்லாத அந்த வருஷங்களில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள் என்பது யாழ்ப்பாணத்தார் எல்லாரும் சொல்லும் கதை. டைனமோவின் சிறு உருளை டயரின் பக்கவாட்டில் உரசியபடி சுழல வேண்டும். சில்லில் நெளிவு இருந்தால் பாதிச் சுற்றில் உரசும், அடுத்த பாதிச் சுற்றில் விலகும். செய்தி வாசிப்பவரின் குரல் அறுந்து அறுந்து வரும். ஆக, நம் ஊரில் பிரேக் கட்டையில் உரசாமலிருந்தால் போதும் என்று எடுக்கும் கோட்டத்தை, அங்கே காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய தேவை இருந்தது. நிப்பிள் சாவி அங்கே வீட்டுப் பொருளாக ஆனதில் என்ன வியப்பு?

அங்கத்தைய பழைய கைகள் சில்லைப் பிரிக்கும் முறையில் நான் மெச்சுவது வரிசையை. டயர், டியூப், பிறகு பிரீவீல். அதன்பின் அச்சையும் கோனையும் கழற்றி, போல்ஸை, அதாவது குண்டுகளை, ஒரு தட்டில் எண்ணி வைப்பது. பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலக் குண்டு. முன்ஹப்பில் இருப்பவை அதைவிடச் சிறியவை, கலந்துவிடக் கூடாது. கோனில் குழி விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது. கம்பிக்குக் கை போவது எல்லாவற்றுக்கும் கடைசியில். கம்பி நிப்பிளுக்குள் நுழையும் வாயிலும், நிப்பிள் ரிம்மில் உட்காரும் இடத்திலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, ஓர் இரவு விட்டுவைப்பார்கள். மறுநாள் சாவியால் எல்லா நிப்பிளையும் முதலில் அரைச் சுற்று, பிறகு இன்னோர் அரைச் சுற்று என்று சுற்றிவந்து தளர்த்துவார்கள். ஒரே பக்கத்தைத் தளர்த்திக்கொண்டு போனால் ரிம் இழுபட்டு வளைந்துவிடும். தளர்ந்தபின் டியூப் பக்கமிருந்து நிப்பிளின் தலையில் உள்ள வெட்டில் ஸ்குரூ டிரைவரை வைத்துச் சுழற்றினால் கம்பி கழன்று வரும். “அண்ணை, பழைய கம்பியைப் பாவிக்கேலுமோ?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, வெட்டாத கம்பி கையில் இருக்க வேண்டுமல்லவா?

அதற்காக யாழ்ப்பாணத்து முறையை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடவும் கூடாது. துரு அரித்த கம்பியை நிமிர்த்தித் திரும்பப் போடுவது அன்றைய நெருக்கடி கற்பித்த வேலை. கம்பி பெரும்பாலும் ஹப் துளையில் வளையும் கழுத்தில்தான் முறியும். அந்த இடத்தில் துரு பள்ளம் பறித்திருந்தால் அந்தக் கம்பி பாரம் தாங்காது. கிடைக்காத காலத்தில் போட்டார்கள். கிடைக்கிற காலத்தில் போடுவது பிள்ளையின் பல்லோடு விளையாடுவது. நிப்பிள் அடியோடு இறுகிவிட்ட சக்கரத்தில் கட்டர்தான் சரியான கருவி. அதிலும் பிரீவீல் கழன்றபின், இறுக்கம் முடிந்தமட்டும் தளர்ந்தபின், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்ட வேண்டும். இழுபட்டு நிற்கும் கம்பி வெட்டுப்பட்டதும் துள்ளும்.

இன்றைய யாழ்ப்பாணத்திலும் நிலைமை மாறித்தான் வருகிறது. பாணந்துறையில் செய்யும் லுமாலாவும் ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிளும் தெருவெங்கும் ஓடுகின்றன. மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் 2022இல் ரூபாய் சரிந்து, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு எகிறி, ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை முறை வந்தபோது, கோடியில் கிடந்த சைக்கிள்கள் மறுபடி கடைக்கு வந்தன. புது ரிம்மின் விலையைக் கேட்டவர்கள் பழைய சில்லையே பிரித்துக் கட்டச் சொன்னார்கள். அதைச் செய்யத் தெரிந்த கைகள் அங்கே மிச்சமிருந்தன. நமக்கு அப்படியொரு நாள் வந்தால் ஆண்டிமடத்தில் எத்தனை பேருக்கு ரிமூவர் போடத் தெரியும் என்று யோசிக்கிறேன். போர் வந்துதான் இதைக் கற்க வேண்டும் என்றில்லை.

வீட்டிலேயே பிரிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் கருவிகள் சொற்பம். டயர் லிவர் இரண்டு. அச்சு நட்டுக்குச் சரியாக உட்காரும் ஸ்பேனர். நட்டைக் கடித்துத் தின்னும் குறடு வேண்டாம். கோனின் இடுக்கில் நுழையும் தட்டையான ஸ்பேனர் ஒன்று. உங்கள் பிரீவீலின் வெட்டுக்குப் பொருந்தும் ரிமூவர். வைஸ் இல்லாதவர்கள் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒரு நிமிடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள். நிப்பிள் சாவி வாங்கும்போது பல அளவு வெட்டுள்ள வட்டச் சாவியே கிடைக்கும். நிப்பிளில் ஆடாமல் பிடிக்கும் வெட்டு எது என்று பார்த்து, அதில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வெட்டில் திருகினால் நிப்பிளின் முனை மழுங்கிவிடும். பிறகு எந்தச் சாவியும் பிடிக்காது. ரேஷனில் மண்ணெண்ணெய் அருகிவிட்ட நிலையில் கடைகள் பாகங்களைக் கழுவுவதற்கு டீசலைத்தான் பயன்படுத்துகின்றன. அதுவே போதும்.

கடையில்தான் கொடுப்பீர்கள் என்றால், சக்கரத்தைக் கையில் கொடுக்கும்போதே ஒன்று சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பிரீவீலைக் கழட்டிட்டுக் கம்பியில கை வைங்க. பழைய ஹப்பு எனக்கு வேணும்.”