வேடமும் மண்ணும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி வடக்கே செல்லும் பெருவீதியில் அமைந்த ஊர் வெள்ளாங்குளம். மேற்கே கடல், கிழக்கே வன்னிக் காடு, இடையே குளமும் வயலும். வலையும் கலப்பையும் அடுத்தடுத்து நிற்கும் இக்கரையோரத்தில், ஐயனாரையும் அம்மனையும் வழிபடுவோரும், அந்தோனியாரையும் மாதாவையும் வழிபடுவோரும் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி வந்திருக்கின்றனர். இம்மண்ணில் நின்றுகொண்டு இன்றைய இலக்கிய உலகில் எழுந்துள்ள ஒரு கேள்வியை ஆராய விரும்புகிறோம். இயற்கையைத் தெய்வமாகப் போற்றுவதும், கற்பனை மாந்தரின் வேடம் பூண்டு ஆடுவதும் ஒன்று கலந்தால் விளைவது யாது? அது வழிபாடா? விளையாட்டா? அன்றி வாழ்க்கையினின்றும் தப்பி ஓடும் வழியா?

இக்கேள்வி மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்துக் கல்லூரி மாணவர் சிலர், ராபர்ட் ஹைன்லைன் அதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட விஞ்ஞானக் கற்பனை நாவல் ஒன்றைப் படித்தனர். செவ்வாய்க் கிரகத்தவரால் வளர்க்கப்பட்ட மனிதன் ஒருவனின் கதை அது. அதில் வரும் சடங்கினையே தம் சடங்காக மேற்கொண்டு, ஒரு கிண்ணத்து நீரைத் தமக்குள் பகிர்ந்து பருகி, 'நீர்ச் சகோதரர்' ஆயினர். 1968இல் அக்கூட்டம் சமயச் சபையாகச் சட்டப்படி பதிவு பெற்றது; பின்னர் பூமியையே உயிருள்ள தாய்த்தெய்வமாகப் போற்றத் தலைப்பட்டது. 1974இல், குகைகளையும் பறவைநாகங்களையும் கற்பனை செய்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசையைச் சுற்றியிருந்து ஆடும் விளையாட்டு அச்சாகி விற்பனைக்கு வந்தது. அதன்பின் இவ்விரு நீரோட்டங்களும் பலவிடங்களில் கலந்தன. பூசாரியாகவும் வனதேவதையாகவும் வேடமிட்டு ஒரு வார இறுதியைக் காட்டிலே கழித்துவிட்டுத் திங்கட்கிழமை காலை அலுவலகம் திரும்புவோரை இன்று உலகின் பல நகரங்களிலும் காணலாம்.

இதனை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அவ்வாறு செய்யப் போவதில்லை. ஆலையும் அலுவலகமும் மனிதனை மண்ணிலிருந்து பிரித்துவிட்ட சமுதாயத்திலே, இழந்த உறவினை மனிதன் கற்பனையிலேனும் தேடுகின்றான் என்பதே இதன் பொருள். தாகம் உண்மையானது. ஆயின் கிண்ணத்து நீர் தாகத்தைத் தீர்க்குமா என்பதே வினா.

தமிழிலே இவ்வினா மிகப் பழையது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைத்துப் பார்ப்போம். மதுரையின் புறத்தே ஆயர் சேரியில் தீய நிமித்தங்கள் தோன்றுகின்றன. குடத்துப் பால் உறையவில்லை. உறியிலிருந்த வெண்ணெய் உருகவில்லை. ஏற்றின் கண்களில் நீர் சோர்கின்றது. ஆனிரையின் கழுத்து மணிகள் அறுந்து வீழ்கின்றன. அஞ்சிய மாதரி என் செய்கிறாள்? மகளிர் எழுவரை நிறுத்திக் குரல், துத்தம் முதலான ஏழிசையின் பெயர்களை அவர்க்குச் சூட்டுகிறாள். குரல் என்பவளை மாயவன் என்றும், இளி என்பவளைப் பலராமன் என்றும், துத்தம் என்பவளை நப்பின்னை என்றும் படைத்துக்கொண்டு குரவை ஆடச் செய்கிறாள். பாலும் கன்றும் பிழைக்க வேண்டும் என்பதற்காகப் பெண்கள் தெய்வங்களாகின்றனர். இயற்கை வழிபாடும் வேட விளையாட்டும் இதைவிட நெருங்கி நிற்கும் இடம் யாது?

பண்டைய கிரேக்க நாடகத்தை ஆராய்ந்த ஜோர்ஜ் தோம்சன், போலச் செய்தலாகிய சடங்கிலிருந்தே நாடகம் பிறந்ததென விளக்கினார். அவரிடம் ஆராய்ச்சி பயின்ற நம் பேராசிரியர் கா. சிவத்தம்பி, பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை அவ்வழியே ஆராய்ந்தார்; அந்நூல் 1981இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. மழையை ஆளும் வலிமை கைவராத காலத்தில், மழை பெய்வதாக ஆடிக் காட்டி மனிதன் நெஞ்சுரம் பெற்றான்; அவ்வுரத்தோடு வயலுக்குச் சென்றான். ஆட்டம் உழைப்பின் துணையாக நின்றது. உழைப்பின் இடத்தைப் பிடித்துக் கொள்ளவில்லை.

இளங்கோவின் பெருமை இதற்கும் ஒரு படி மேலே செல்வதில் இருக்கிறது. குரவை நிகழ்ந்தது, துன்பம் விலகியதா? இல்லை. அதனை அடுத்து வருவது துன்பமாலை. கோவலன் கொலையுண்ட செய்தி ஆயர் சேரிக்கு வந்து சேர்கின்றது. அப்பொழுது கண்ணகி மற்றொரு குரவை ஆடவில்லை. எஞ்சிய சிலம்பைக் கையிலேந்தி அரசவைக்குச் சென்று நீதி கேட்கிறாள். ஆட்டத்தின் எல்லை எது, அதற்கப்பால் மனிதன் செய்ய வேண்டியது யாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டிய காட்சி நம் இலக்கியத்தில் அரிது.

அக்கண்ணகியே வன்னி மக்களின் தெய்வமானாள். நந்திக்கடலோரத்தில் மாடு மேய்த்த சிறுவர்முன் அவள் ஒரு மூதாட்டியாகத் தோன்றினாள் என்பர். பொங்கல் பொங்கித் தரச் சொன்னாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபொழுது கடல்நீரை வார்த்து எரிக்கச் சொன்னாள். வற்றாப்பளை வைகாசிப் பொங்கலிலே இன்றும் உப்புநீரில் விளக்கெரிக்கும் சடங்கு நடைபெறுகின்றது. காட்டுக்குள் புகுமுன் ஒரு குழையை முறித்துக் கிளையிலே தொங்கவிட்டு ஐயனாரையோ பிள்ளையாரையோ வேண்டும் வழக்கமும் வன்னிக்கு உரியது. முறிப்பது ஒரு குழையே. இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் அடக்கமே அச்சடங்கின் அறிவு என்று நாம் கொள்கிறோம்.

ஆயினும் நம் பழமையைப் புகழ்ந்து மகிழ்வதோடு விமர்சனம் முடிந்துவிடாது. காத்தவராயன் கூத்தை எடுத்துக் கொள்வோம். நேர்த்திக்கடனாக ஆடப்படும் கூத்து அது. ஆரியமாலை என்ற உயர்குலப் பெண்ணைக் காதலித்த குற்றத்துக்காகக் காத்தான் கழுமரம் ஏறுகிறான். பார்த்திருக்கும் மக்கள் கண்ணீர் வடிக்கின்றனர். ஆனால் விடிந்தபின் நிகழ்வது என்ன? காத்தானுக்காக அழுத கண்களே, காத்தானின் குலத்தவர் கோயிலுக்குள் நுழைவதைச் சினத்தோடு நோக்கவில்லையா? மேடையில் அரசனாக எவன் வரலாம், எவன் வரலாகாது என்று சாதி விதித்த ஊர்கள் எத்தனை! பெண்ணின் துயரைப் பாடிய அரங்கிலே பெண்ணுக்கு இடமில்லாதிருந்ததும் உண்மையன்றோ?

வேடம் மனிதனை மாற்றவில்லையென்றால் அது வெறும் ஆடையே. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலய நுழைவுப் போராட்டம் நிகழ்ந்தபின், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தான் கூத்தின் பாணியிலே அரங்கேறியது. அடியார் அழைக்கக் கந்தன் வந்தான். வாயில் திறக்காத கோயிலின் முன்னே அவனும் நின்றான். அன்று கூத்து, தெய்வத்தைப் போராட்டத்தின் பக்கம் கொண்டுவந்து நிறுத்தியது. பழைய வடிவத்தைக் கைவிடாமலே அதன் திசையை மாற்றலாம் என்பதற்கு அது சான்று.

2008 ஆகஸ்டில் போர் வெள்ளாங்குளத்தைக் கடந்தது. ஊரைவிட்டுப் பெயர்ந்த மக்கள் கிழக்கே, மேலும் கிழக்கே தள்ளப்பட்டனர். 2009 மே மாதம் போர் முடிந்த முள்ளிவாய்க்கால், கண்ணகி தோன்றியதாகக் கதை சொல்லும் அதே நந்திக்கடலின் கரையில் உள்ளது. திரும்பி வந்தோர் பொங்கலும் வைத்தனர். அது அவர்களுக்கு ஆறுதல். அவ்வாறுதலைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயின் 2017 பெப்ரவரியில் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார், பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்திக் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலிலே தொடர்போராட்டத்தில் அமர்ந்தனர். அவர்கள் எவ்வேடமும் பூணவில்லை. சிலம்புக்குப் பதிலாக அவர்கள் கையிலிருந்தது ஒரு படம், அவ்வளவே வேறுபாடு. நம் காலத்துக் கண்ணகியரை அங்கே கண்டோம்.

ஆகவே, இயற்கை ஆன்மிகத்தையும் கற்பனை வேடத்தையும் கலந்து எழுதவும் ஆடவும் முற்படும் இளைஞருக்கு நாம் கூறுவது இது. கலவுங்கள், தடையில்லை. ஐயனாரின் குதிரையும் கடற்கன்னியும் உங்கள் கதைகளிலே உலவட்டும். ஆயின் குளத்தைத் தெய்வம் என்று பாடுமுன், அக்குளத்து நீர் யார் வயலுக்குப் பாய்கின்றது, யார் வயலுக்குப் பாயவில்லை என்று கேளுங்கள். கடலை அன்னை என்று ஆடுமுன், கரை யார் கைக்கு மாறுகின்றது என்று பாருங்கள். 2025இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலை விரிவாக்கத்தையும் கனிம மணல் அகழ்வையும் எதிர்த்து வீதியில் திரண்டபொழுது, அவர்கள் மண்ணைப் பற்றிப் பேசினர். அப்பேச்சில் கற்பனை எதுவும் இருக்கவில்லை.

மிசூரி மாணவர் கிண்ணத்து நீரைப் பகிர்ந்து சகோதரராயினர். வன்னி உழவனோ குளத்து நீரை முறைவைத்துப் பகிர்ந்தாலன்றி வாழ முடியாது. முன்னது விரும்பிப் பூணும் வேடம். பின்னது நாள்தோறும் செய்யும் வேலை. அவ்வேலையிலிருந்து பிறக்கும் கூத்து நிலைக்கும். அதனை மறந்த கூத்து, ஒப்பனை கலைந்ததும் கலைந்துபோகும்.