அடக்கும் செல்களும் அடங்காத குடலும்

நோயெதிர்ப்பு இயலில் ‘அடக்கும் செல்’ என்று பேசினாலே ஆராய்ச்சியாளர்கள் முகம் சுளித்த காலம் ஒன்று உண்டு. உடலின் எதிர்ப்பைத் தூண்டும் டி செல்களைப் போலவே அதைத் தணிக்கும் டி செல்களும் இருக்கின்றன என்று 1970-களில் சொன்னவர் யேல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கெர்ஷான். அடுத்த பத்தாண்டில், அந்தச் செல்களின் அடையாளமாகக் கருதப்பட்ட ஐ-ஜே மூலக்கூற்றின் மரபணு எலியில் இருக்க வேண்டிய இடத்திலேயே இல்லை என்று தெரிந்தது. துறை அந்தக் கருத்தைக் கைகழுவியது.

அதை மீட்டதில் குடலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 1993-இல் கலிஃபோர்னியாவின் டிஎன்ஏஎக்ஸ் ஆய்வகத்தில் ஃபியோனா பவ்ரி குழுவினர், சொந்த டி செல்களே இல்லாத எலிக்கு ஆரோக்கியமான எலியின் டி செல்களில் ஒரு வகையை மட்டும் பிரித்துச் செலுத்தினார்கள். சில வாரங்களில் எலி இளைத்தது; பெருங்குடல் வீங்கி அழற்சி கண்டது. மறுவகையையும் சேர்த்துச் செலுத்தியபோது நோய் வரவில்லை. கெடுக்கும் செல்லும் காக்கும் செல்லும் ஒரே ஆரோக்கியமான உடலில் அருகருகே வாழ்கின்றன என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனை வேறொன்று இல்லை என்பேன். அதே ஆண்டு, இன்டர்லூக்கின்-10 என்ற தணிப்புப் புரதம் சுரக்காத எலிகளுக்கும் குடல் அழற்சி வருவது தெரிந்தது. அவற்றைக் கிருமியற்ற கூண்டில் வளர்த்தால் நோய் தலைகாட்டுவதில்லை. சண்டை, குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களோடுதான்.

1995-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி இந்தக் காவல் செல்களுக்கு மேற்பரப்பு அடையாளம் ஒன்றைக் கண்டார். 2001-இல் மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் இருவரும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்தச் செல்களை உருவாக்குவதே அந்த மரபணுதான் என்பது 2003-இல் உறுதியானது. மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபாக்ஸ்பி3 பழுதாகப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்குத் தீராத வயிற்றுப்போக்கும் நீரிழிவும் தோல் அழற்சியும் வருகின்றன. 2009-இல் இன்னொரு சான்று வந்தது: கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையான குடல் அழற்சி கண்ட சிலருக்கு இன்டர்லூக்கின்-10 ஏற்பியில் மரபணுப் பிழை இருந்தது. அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்த மூலச்செல் மாற்று செய்ததும் நோய் தணிந்தது.

இவையெல்லாம் அரிதானவை. கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற குடல் அழற்சி நோய்களோடு ஆண்டுக்கணக்கில் அல்லாடும் பெரும்பாலானோரின் கதை வேறு. தணிக்கும் செல்கள் அவர்களிடம் குறைந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்ப்பார்கள். ரத்தத்தில் அப்படித்தான். ஆனால் அழற்சி கண்ட குடல் திசுவை எடுத்துப் பார்த்தால், அங்கே அவை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குவிந்திருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்துச் சோதித்தால் அடக்கவும் செய்கின்றன. கோளாறு கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. நோயாளியின் தாக்கும் டி செல்களில் ஸ்மாட்7 என்ற புரதம் மிகுந்து, டிஜிஎஃப்-பீட்டா என்ற தணிப்புப் புரதம் கொண்டுவரும் ‘நிறுத்து’ என்ற சைகை உள்ளே போய்ச் சேராமல் மறிக்கிறது. காவலர் ஊதும் விசில் காதில் விழாத கூட்டம். அங்கே காவலரைக் கூட்டி என்ன பயன்?

சிகிச்சை முயற்சிகள் சறுக்கியதை இந்தக் கோணத்தில்தான் படிக்க வேண்டும். இன்டர்லூக்கின்-10-ஐ ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். கிரோன் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பலனில்லை. ஸ்மாட்7-ஐ அடக்கும் மாங்கர்சென் மாத்திரை 2015-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில் வியக்கத்தக்க முடிவு காட்டியது. மூன்றாம் கட்டம் 2017-இல் பலனின்றி நிறுத்தப்பட்டது. அந்த மருந்துக்காக செல்ஜீன் நிறுவனம் முன்பணமாகவே 71 கோடி டாலர் கொடுத்திருந்தது. 2012-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், நோயாளியின் ரத்தத்திலிருந்தே தணிக்கும் செல்களை வளர்த்து 20 பேருக்குத் திருப்பிச் செலுத்தினார்கள். ஏறத்தாழ 40 சதவீதத்தினரிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லா ஊசி பெற்ற குழு எதுவும் அதில் இல்லாததால், அந்த எண்ணை வைத்து அதிகம் பேச முடியாது.

எனக்கு நம்பிக்கை தருவது பாக்டீரியா வழிதான். ஜப்பானில் கென்யா ஹோண்டா குழு, குளோஸ்ட்ரிடியா இனங்கள் எலியின் பெருங்குடலில் தணிக்கும் செல்களைப் பெருக்குவதை 2011-இல் காட்டியது. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து இவை உண்டாக்கும் பியூட்டிரேட் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் எலியில் கிடைத்த வெற்றியை மனிதக் குடல் மீண்டும் மீண்டும் பொய்யாக்கியிருக்கிறது.

எத்தனை செல் செலுத்தினோம் என்று எண்ணுவதோடு நின்றுவிட்டு, எந்த நோயாளியின் செல்கள் அடங்கும் நிலையில் இருக்கின்றன என்று முன்கூட்டியே பிரித்தறியாத எந்தச் சோதனையும் இதே பள்ளத்தில்தான் விழும். இன்று மருத்துவர் எழுதித்தரும் இன்ஃப்ளிக்ஸிமாப், வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் மூன்றுமே தாக்குதலைத் தடுக்க வடிவமைத்தவை. தணிக்கும் டி செல்லையே மருந்தாகத் தரும் சிகிச்சை எதுவும் குடல் அழற்சி நோய்க்கு இன்னும் அங்கீகாரம் பெறவில்லை.