தண்ணீர்க் கணக்கு

அணைக்கட்டு பார்க்கப் போகிறவர்களில் இரண்டு ரகம். போட்டோ எடுக்கிறவர்கள் ஒன்று, 'எத்தனை அடி ஆழம்?' என்று கேட்கிறவர்கள் இன்னொன்று. நான் படித்தது பி.காம். என் புத்திக்குத் தோன்றுகிற கேள்வி வேறு: செலவை யார் தலையில் எழுதினார்கள்?

பர்மிங்ஹாமில் இருக்கும் அண்ணன் மகன் ஒரு சனிக்கிழமை காரில் ஏற்றிக்கொண்டு போனான். வேல்ஸ் நாட்டின் நடுவில், ஈலன் பள்ளத்தாக்கு. மலை, மழை, ஆடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக அணைகள். "சித்தப்பா, காலைல நீங்க பல் தேய்ச்சது இந்தத் தண்ணிலதான்" என்றான்.

நிஜம்தான். 19-ம் நூற்றாண்டு பர்மிங்ஹாமில் ஜனம் பெருகி, கெட்ட தண்ணீரால் வந்த வியாதியில் ஏழைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1892-ல் சட்டம் போட்டு மாநகராட்சி இந்தப் பள்ளத்தாக்கை வாங்கியது. 1904-ல் மன்னர் ஏழாம் எட்வர்ட் வந்து திறந்து வைத்தார். ஊருக்குத் தண்ணீர் போக பம்ப் கிடையாது. 118 கிலோமீட்டருக்கு 52 மீட்டர் சரிவு, அவ்வளவுதான். நம்மைவிட மெதுவாக நடந்து, ஒன்றரை நாளில் போய்ச் சேர்கிறது. அந்த இன்ஜினீயர் மான்செருக்கு ஒரு சபாஷ்!

அழகுக்கும் குறைவில்லை. நிரம்பி வழியும்போது கல் அணை அப்படியே அருவியாகிவிடுகிறது. 1952-ல் திறந்த கிளேர்வென் அணை கான்கிரீட். அதற்கும் பழைய அணைகளோடு ஒத்துப்போகட்டும் என்று மேலே கல் பதித்திருக்கிறார்கள்.

என் புகார் அந்த அழகின் மேல்தான். ஆதிகாலத்திலிருந்தே இங்கே ஏரிதான் இருந்தது, மனுஷனே இல்லை என்று நம்மை நம்ப வைத்துவிடுகிறது. கரெக் தீ என்ற இடத்தில் தண்ணீருக்கு மேல் ஒரு பாலம். ஜாலியாகக் கார் ஓட்டிப் போகிறோம். பாலத்துக்கு அடியில் ஓர் அணை முழுகிக் கிடப்பது சொன்னால்தான் தெரியும். பர்மிங்ஹாமுக்குப் போகிற தண்ணீரின் மட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதே அதுதான்!

அதே மாதிரி முழுகியவை இன்னும் உண்டு. பண்ணை வீடுகள், பள்ளிக்கூடம், சர்ச், கவிஞர் ஷெல்லி 1812-ல் மனைவியோடு தங்கிய வீடு. சுமார் நூறு பேர் கிளம்ப வேண்டியிருந்தது. நஷ்டஈடு நிலச் சொந்தக்காரர்களுக்கு மட்டும். வாடகைக்கு இருந்தவன், கூலிக்கு உழைத்தவன் கையில் சல்லிக்காசு இல்லை. முழுகிய சர்ச்சுக்குப் பதிலாகக் கரையில் புது சர்ச் கட்டிக் கொடுத்தார்கள். சாமிக்கு மாற்று வீடு உண்டு, ஆசாமிக்குக் கிடையாது!

அணையே கட்டியிருக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பர்மிங்ஹாம் குழந்தைகளும் குழந்தைகள்தானே? ஆனால் கோபுரத்துக்குச் செப்புக் கூரை போடக் காசு இருந்த மாநகராட்சி, பத்திரம் இல்லாதவனுக்கும் நாலு காசு எழுதியிருக்கலாம். வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டால் எங்கள் வாத்தியார் முட்டை போடுவார்.

கடும் வறட்சியில் நீர் இறங்கினால், ஷெல்லி தங்கிய அந்த வீட்டின் தோட்டச் சுவர்கள் தலைகாட்டுமாம். எழுதாமல் விட்ட பக்கம்!

அன்று ராத்திரி குழாயைத் திறந்தபோது, தண்ணீரைக் கொஞ்சம் சிக்கனமாகவே பிடித்தேன். நீங்களும் எந்த அணைக்காவது போனால், போட்டோ எடுத்து முடித்த கையோடு பக்கத்திலிருக்கிறவரிடம் கேளுங்கள்: "இதுக்கு அடியில எந்த ஊருங்க?"