கத்தரிக்கோலுக்கு வெளியே

கேமரன் மலையில், ரிங்லெட் பக்கமுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் பழைய நாளிதழ்களின் சினிமா விளம்பரங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார். அவருடைய அப்பா தொடங்கிய சேகரிப்பு. பிஸ்கட் டின்களில் 'சந்திரலேகா', 'பராசக்தி', 'நாடோடி மன்னன்'. அந்த மலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் காப்பாற்றியதே பெரிய காரியம்.

"பாதிப் படம் நான் பேப்பர்லதான் தம்பி பாத்தேன்" என்றார். தாப்பாவுக்கு இறங்கிப் போக எல்லாராலும் முடியாது. நட்சத்திரத்தின் முகம், கொட்டகையின் பெயர், 'இன்று முதல்' என்ற இரண்டு சொற்கள். மீதிக் கதையை லயத்திலேயே சொல்லிக்கொள்வார்களாம். விளம்பரத்தை ஒரு இலக்கிய வடிவமாக வாசிக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. 1952-இல் வந்த 'பராசக்தி'யில் ரங்கூனிலிருந்து ஊர் திரும்புகிறவன் சென்னையில் இறங்கியதும் எல்லாவற்றையும் பறிகொடுக்கிறான். மலாயாவில் அது அவசரகாலம். ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று யோசித்த தோட்டத்துக்காரனுக்கு அது வெறும் சிவாஜி படமாக இருந்திருக்காது.

ஆனால் இந்தச் சேகரிப்பில் எனக்கு ஒரு மனத்தாங்கல். எல்லாமே வெட்டப்பட்ட துண்டுகள். பத்திரிகையின் பெயரில்லை, தேதியில்லை. கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு? படம்தானே முக்கியம்."

படத்தை வைத்து ஆண்டைக் கணிக்கவும் முடியாது. வெற்றிப்படங்கள் திரும்பத் திரும்ப ஓடின. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோனது. 'தமிழ் முரசு' பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் முழுப்பக்கமாக இணையத்தில் வைத்திருக்கிறது. முழுப்பக்கத்தில்தான் விளம்பரத்துக்கு அக்கம்பக்கம் உண்டு: ரப்பர் விலை, சங்கக் கூட்டம், வாசகர் கடிதம். நட்சத்திரங்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோட்டத்து மனிதர்கள் அச்சில் ஏறியது அந்த அக்கம்பக்கத்தில்தான்.

கத்தரிக்கோலை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. வெட்டாத தாள்கள் பலகைச் சுவரில் ஒட்டப்பட்டன, கருவாடு மடிக்கப் போயின. வெட்டியதால்தான் இவையாவது மிஞ்சின.

ஒரு 'நாடோடி மன்னன்' துண்டைத் திருப்பினேன். நானும் அதுவரை முகப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு மரண அறிவித்தலின் பாதி. 'தகப்பனார்' என்ற சொல்லும் தோட்டத்தின் பெயரும் இருந்தன. இறந்தவரின் பெயர் எம்.ஜி.ஆரின் தோள் ஓரமாக வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "இது நம்ம தோட்டம்" என்றார். பிறகு டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஆரம்பித்தார்.